கோயில்பிள்ளை

பிள்ளைகளா, உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கைப்பேசியில் அனுப்பினால் பாதியில் விட்டுவிடுவீர்கள். அதனால் நோட்டில் எழுதுகிறேன்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது உங்களை எங்கே இறக்கிவிட்டாலும், யார் வந்து கூட்டிப் போவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் லோரியைக் கிளப்புவேன். "அப்பா ரெக்கார்டு தேஞ்சு போச்சு லா" என்று பெரியவன் கேலி செய்வான். போன மாதம் சின்னவள் தன் மகளைப் பாலர் பள்ளியில் விடப் போனாள். பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுதது. "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அது பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் நைசாக நழுவி வந்து காரில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் இருந்த நான் அவளைத் திட்டினேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வா என்று கத்தினேன். "இதுக்குப் போயி ஏன்பா இவ்ளோ கோவம்?" என்றாள். காரில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. நான் ஆறாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் லேசு.

எனக்கு அப்போது எட்டு வயது. பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தண்டவாளம் பார்க்கும் வேலை. எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேரும் கைப்பிள்ளையாகவே போய்விட்டார்கள். நான் தங்கினேன், ஆனால் ஒழுங்காகத் தங்கவில்லை. அந்த வருடம் மட்டும் மூன்று முறை காய்ச்சல் வந்து வலிப்பு கண்டது. ஒவ்வொரு முறையும் கண் விழித்தால் அம்மாவின் முகம் மிக அருகில் இருக்கும். அவள் மூச்சு என் நெற்றியில் படும். பல்லுக்கு நடுவில் ஒரு மரக்கரண்டிக் காம்பு இருக்கும். அந்தக் காம்பின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

மூன்றாவது வலிப்புக்குப் பிறகு மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கேரி தீவில் எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தார். அவர் கட்டியது வேதக்கார வீட்டுப் பெண். அதனால் அவர் எங்களோடு முருகனையும் கும்பிடுவார், அத்தையோடு மாதா கோயிலுக்கும் போவார். நான் பாயில் சுருண்டு தூங்குகிறேன் என்று நினைத்து அடுப்படியில் பேசினார்கள்.

"அக்கா, மூணு பேர குடுத்தது போதும். இவன அந்தோணியாருக்கு வித்துடலாம்."

"எட்டு வயசாச்சேடா. கைப்பிள்ளையத்தானே விப்பாங்க?"

"அவரு வயசு கேக்க மாட்டாரு. ஒரு படி உப்பு, அவ்ளோதான். இவன விட்டுட்டு, உப்ப வாங்கிக்கிட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும். அதுக்கப்புறம்..."

அப்போது ரயில் வந்தது. எங்கள் வீட்டில் ரயில் போகும்போது யார் பேசினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. மாமாவின் கை எதையோ சொல்லிச் சொல்லி ஆடியது. அம்மா தலையாட்டினாள். அது நீளமான சரக்கு ரயில். கடைசிப் பெட்டியும் போன பிறகு எனக்குக் கேட்டது இதுதான்.

"இவங்கிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க. சொன்னா பலிக்காது."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் "எந்தக் கெழம?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை என்றார்கள்.

அந்த ஐந்து நாள் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பாகற்காயைக் கேட்டு வாங்கித் தின்றேன். குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினேன். அம்மா "ஏன்டா, உடம்புக்கு ஆகாதுடா" என்று வாளியைப் பிடுங்கினாள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் காளியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று இருந்தது. அதை யாரும் அடிக்க மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள், நல்ல தீனி போடுவார்கள். அம்மா என் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்தபோது எனக்கு அந்தச் சேவல் ஞாபகம் வந்தது. முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளாங்குக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆற்றுத்துறைக்கு இன்னொரு பஸ். எனக்குப் புதுச் சட்டை. அம்மா கட்டிய பையில் என் மாற்றுத் துணி இருக்கிறதா என்று அவள் அசந்த நேரத்தில் கைவிட்டுப் பார்த்தேன். இல்லை. ஒரு நாள் பயணத்துக்கு எதற்கு மாற்றுத் துணி என்று இப்போது தெரிகிறது. விற்கப் போகிற பிள்ளைக்குத் துணி எதற்கு என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

படகு ஏறும் முன் அப்பா வறுத்த கச்சான் கடலை ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் வைத்தார். அவர் அப்படி வாங்கித் தருகிறவர் இல்லை. வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தேயிலைச் சாயம்போல ஓடியது. நான் ஒரு கச்சானைக்கூடத் தின்னவில்லை. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இது ஒரு வாரத்துக்கு வரும் என்று கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்கரையில், மாமா வேலை பார்த்த தீவில், எங்கு பார்த்தாலும் செம்பனை. பகலிலேயே அதன் அடியில் இருட்டு. அந்த இருட்டைக் கடந்து திரும்பியதும் திடீரென்று ஒரு மஞ்சள். அதுதான் அந்தக் கோயில். அப்படி ஒரு மாதா கோயிலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சுவர் மஞ்சள், தூண்கள் ரோஸ், சன்னல்கள் கிளிப்பச்சை, நெற்றியில் இரண்டு நீல மயில், நடுவில் சிலுவை. கிளாங்கில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிற ஆளைத்தான் கூட்டி வந்து அடிக்கச் சொன்னார்களாம். அவருக்கு வரைந்து பழகிய முகம்தான் வந்தது. சம்மனசு என்கிற தேவதூதர்களுக்கெல்லாம் மை தீட்டிய பெரிய கண், கழுத்தில் பதக்கம். மிக்கேல் சம்மனசுக்கு முறுக்கு மீசை, கையில் வாள், காலடியில் பல்லைக் காட்டும் சாத்தான். எங்கள் ஊர் முனியாண்டிக்கு இறக்கை வைத்ததுபோல இருந்தார். அவர் முன்னால் ஒரு சுருட்டு புகைந்தது. திறந்த ஆரஞ்சு சோடா ஒன்று உறிஞ்சு குழாயோடு நின்றது.

உள்ளே தரையெல்லாம் வேப்பிலை. மெழுகு உருகும் வாசனையும் வேம்பின் கசப்பும் கோழி எச்சமும் கலந்து ஒரு வாடை. உத்தரத்திலிருந்து, பக்கத்துக் கிராமத்து ஓராங் அஸ்லி ஆதிவாசிகள் நீப்பா பனை ஓலையில் பின்னிக் கொடுத்த பறவைகள் தொங்கின. காற்று இல்லாமலே அவை மெதுவாகச் சுற்றின. தூணில் காலைக் கட்டிய கோழிகள் கிடந்தன. ஒரு பெண் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். அவள் தொண்டையிலிருந்து ஆம்பளைக் குரல் வந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அந்தோணியாரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"போன செவ்வாக்கெழமயே சொன்னேனா இல்லயா? காதுல விழலயா? இல்ல எங்க லயத்துக்கு வர வழி தெரியலயா?"

நான் நிமிர்ந்து அந்தோணியார் சிலையைப் பார்த்தேன். மாலைக்கு மேல் மாலை. அவர் கையில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தது.

போன தடவை வாங்கிய பிள்ளை என்று எனக்குப் புரிந்தது.

மெலிந்த கிழவர் ஒருவர், காக்கிக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக, படியில் உப்பை அளந்து கொண்டுவந்தார். என்னைப் பாயில் உட்கார வைத்தார்கள். அம்மா முந்தானையை விரித்தாள். உப்பு சரசரவென்று விழுந்தது. கிழவர் சொல்லச் சொல்ல அம்மா சொன்னாள்.

"இவன் எனக்குப் பிள்ளையில்ல. இவன் ஒங்க பிள்ளை."

மூன்று தடவை. மூன்றாவது தடவை அவள் குரல் எழும்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கிழவர் "சத்தமா சொல்லும்மா, அவருக்கு வயசாயிருச்சு" என்றார். அவள் சத்தமாகச் சொன்னாள். பிறகு எழுந்தாள். அப்பா முன்னாலேயே வாசலுக்குப் போய்விட்டார். நான் "அம்மா" என்றேன். அவள் முதுகு ஒரு நொடி நின்றது. திரும்பவில்லை. வாசல் வெளிச்சத்தில் சேலை கறுப்பாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

நான் அழவில்லை. அழுதால் அந்த ஆம்பளைக் குரல் என் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் கலைந்தார்கள். தலைவிரித்தவளை முகம் கழுவிக் கூட்டிப் போனார்கள். சண்டை போட்ட அம்மாள் போகும்போது வாசலில் நின்று கூப்பிட்டார்.

"கோயில்பிள்ளை, மணியடிச்சிட்டு அந்த வெளக்க ஒரு கண்ணு பாத்துக்க."

யாரைச் சொல்கிறார் என்று பார்த்தேன். உப்பு அளந்த கிழவர்தான் "சரிம்மா" என்று எழுந்து மணிக்கயிற்றைப் பிடித்தார்.

கோயில் பிள்ளை. கோயிலுக்கு விற்ற பிள்ளை. இவரையும் யாரோ ஒரு படி உப்புக்கு இங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார்கள். இங்கேயே வளர்ந்து, மீசை நரைத்து, பல் விழுந்து, இன்னும் பிள்ளை என்றே கூப்பிடுகிறார்கள்.

மணி அடித்துவிட்டு அவர் என் பக்கத்தில் குந்தினார். நான் கேட்டேன்.

"தாத்தா, நீங்க இங்க எப்ப வந்தீங்க?"

"ஒன் வயசு இருக்கும்."

"யாரு கொண்டாந்து விட்டா?"

"எங்கப்பாதான். கங்காணி கையில புடிச்சுக் குடுத்து கப்பல் ஏத்திவிட்டாரு. பின்னாலயே வரேன்னாரு."

"வந்தாரா?"

கிழவர் என்னை வேடிக்கையாகப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் திறந்தே இருந்தது. "வரல" என்றார். பிறகு எழுந்து கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

மூலையில் இரண்டு விளக்குமாறு சாத்தியிருந்தது. ஒன்று நீளம், ஒன்று தேய்ந்து குட்டையானது. குட்டையானது யாருக்கு என்று எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படியும் செய்யத்தான் வேண்டும், முதல் நாளே செய்தால் அடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். விளக்குமாற்றை எடுத்தேன். மிக்கேல் சம்மனசின் கண்ணைப் பார்க்காமல், குனிந்தபடி, வாசலிலிருந்து வேப்பிலையைக் கூட்டத் தொடங்கினேன். இலை ஒரு பக்கமாகச் சேரவில்லை.

"அடேய், யாருடா ஒன்ன கூட்டச் சொன்னது? வேண்டிக்கிட்டுப் போட்ட எலயெல்லாம் போச்சு."

"நான்தானே தாத்தா இனிமே கோயில் பிள்ளை."

அவர் கையில் தண்ணீர்ச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தார். கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

"சொன்னா பலிக்காதாம்."

அவர் விளக்குமாற்றை என் கையிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். "கோயில்பிள்ளைன்னா வேலைடா. மணியடிக்கிற வேலை. என்ன யாரும் விக்கல" என்றார். பெற்றவர்கள் விற்பார்கள், வேறு ஒரு ஆள் அதே ஒரு படி உப்பைக் கொடுத்து வாங்கி வீட்டில் சேர்ப்பார், அதோடு பழைய ஆயுசு போய்ப் புது ஆயுசு வரும், என்னை வாங்க மாமா வருகிறார் என்று சொன்னார். ரயில் போனபோது மாமாவின் கை ஆடியது இதைச் சொல்லத்தான்.

ஆனால் மாமா வரவில்லை.

வெயில் தூண்களை விட்டு இறங்கியது. கச்சான் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரும் தின்றோம். கிழவர் ஏணி போட்டு ஏறி ஒரு ஓலைப் பறவையை அவிழ்த்து எனக்குக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் வாசலில் நிழல் விழும்போது நான் எழுந்து நின்றேன். காற்றில் ஓலை அசைந்த நிழல்தான். பிறகு மழை பிடித்தது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் கிழவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் நான் கத்தி அழ ஆரம்பித்தேன்.

மழை விட்டபோது அவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "கடைசிப் படகு போயிட்டா எல்லாரும் இந்தக் கரையிலதான்" என்று தனக்குத்தானே சொன்னார். எனக்கு இருந்த மாதிரியே அவருக்கும் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன். திடீரென்று பின்னால் தன் அறைக்குப் போய் உப்பு ஜாடியோடு வந்தார். படியில் கொட்டினார். முக்கால் படிதான் வந்தது. ஜாடியைத் தலைகீழாகத் தட்டினார். பிறகு அந்தோணியாரை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்ளோதான் இருக்கு. மிச்சத்த நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம். பையன நான் வாங்கிக்கிறேன்."

என் கையைப் பிடித்துச் செம்பனை வழியாக வேகமாக நடத்தினார். வழி திரும்பும் இடத்தில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் முன்னால் படகுத்துறை, பின்னால் கோயில். துறையில் அம்மாவின் சேலை தெரிந்தது.

"இனிமே நீயே போ. திரும்பிப் பாக்காம போகணும். பாத்தா அவரு ஒன்ன வச்சுக்குவாரு."

ஓடினேன். பாதி வழியில் பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார். "தம்பி." நான் நிற்கவில்லை. இன்னொரு தடவை, "தம்பீ." அது அவர்தானா, அவர் குரலில் வேறு யாராவது கூப்பிடுகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்து மரக்கட்டைபோல ஆகிவிட்டது. அப்படியே ஓடிப்போய் அம்மாவின் வயிற்றில் முட்டினேன். கையைப் பார்த்தால் ஓலைப் பறவை இல்லை. அதற்காகக் கூப்பிட்டாரோ, வேறு எதற்கோ.

"மாமா எங்கடா?" என்றாள் அம்மா.

"மாமா வரல. கோயில்பிள்ளை வாங்கிட்டாரு."

அம்மாவின் முகம் வெளுத்தது. மாமா வாங்கினால் பிள்ளை வீட்டோடு இருக்கும். ஊர் பேர் தெரியாத ஆள் வாங்கினால் அவருக்கல்லவா முதல் உரிமை என்று அவள் பயந்தாள். அப்பா "போதும், வா" என்று என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படகில் இறங்கினார். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. துறையில் ஒதுங்கக் கொட்டகை இருந்தது. அவர் ஏன் நனைந்தார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மாமா வேலை முடிந்து ஏறி வந்த தோட்டத்து லோரி மழையில் சேற்றில் சிக்கிக்கொண்டதாம். ராத்திரிதான் தள்ளி எடுத்தார்களாம். மறுநாள் அவர் உப்போடு கோயிலுக்குப் போக, "வியாபாரம் முடிஞ்சு போச்சு, ஒன் உப்ப கருவாட்டுக்குப் போடு" என்று கிழவர் திருப்பி அனுப்பினாராம்.

அதன் பிறகு எனக்கு வலிப்பு வரவில்லை. டாக்டர் இப்போது சொல்கிறார், குழந்தைக் காய்ச்சலில் வருவது வளர்ந்தால் தானாக நின்றுவிடும் என்று. இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் யாரும் அந்தக் கிழவரைப் பற்றிப் பேசக் கூடாது என்றாகிவிட்டது. மாமா வரும்போதெல்லாம் "எம் பையன் எப்படி இருக்கான்னு கோயில்பிள்ளை கேட்டாரு" என்பார். அம்மா உடனே பேச்சை மாற்றுவாள். என் கல்யாணத்துக்கு அவரை அழைக்கலாம் என்று மாமா சொன்னபோது அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது நான் ஜொகூருக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். லோரியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான், போனால் வைத்துக்கொள்வார்களோ என்று.

உங்கள் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்தில்தான் அம்மா இன்னொன்றைச் சொன்னாள். அன்றைக்குத் துறைக்கு வந்ததும் அப்பா அவள் முந்தானையைப் பிடித்து அந்த ஒரு படி உப்பையும் ஆற்றில் உதறிவிட்டாராம். "எம் பிள்ளைக்கு இதா வெலை" என்றாராம். பிறகு அன்று முழுக்கக் கொட்டகையில் உட்காராமல் கோயில் வழியைப் பார்த்தபடி வெயிலிலும் மழையிலும் நின்றாராம். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அதுவரை நான் அவரை எந்தக் கிழமை என்று கேட்டவராகவே வைத்திருந்தேன்.

சின்னவளைத் திட்டிய மறுநாள், உங்கள் அம்மாவிடம் கிளாங் பாசாருக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கேரி தீவுக்குப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது. கோயில் இருக்கிறது, அதே மஞ்சள், மிக்கேல் சம்மனசின் மீசையை மட்டும் அழித்துவிட்டார்கள். உள்ளே யாரும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது. ஒரு பாக்கெட் உப்பு வாங்கிப் போயிருந்தேன், அதை அந்தோணியார் காலடியில் வைத்தேன். காரைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு, பழைய படகுத்துறைக்குப் போகும் வழியில் நடந்தேன். வழி திரும்பும் இடத்தைத் தாண்டி, பாதி தூரத்தில், அன்றைக்கு அவர் கூப்பிட்டது கேட்ட இடத்தில், நின்றேன். செம்பனைக்கு அடியில் அதே இருட்டு. பிடரியில் மயிர் குத்திட்டது. அறுபத்தைந்து வயதிலும் எட்டு வயதுப் பயம்.

திரும்பிப் பார்த்தேன். வழியில் யாரும் இல்லை.

"என்ன தாத்தா, கூப்பிட்டீங்களா?" என்றேன்.